தலைநகரைத் துரத்திய தீவு

தலைநகர் என்ற அந்தஸ்து போன ஏழாம் நாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஹாக்கேயா தீவு இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பியது. வேகம் ஒன்றும் அதிகமில்லை, வயதான ஆமை நீந்துகிற வேகம்தான். அந்த வாரம் கொப்பரை விலை மாறவில்லை.

மூன்று பவளத்தீவுகளுக்கும் சேர்த்து ஓர் அரசாங்கம். எந்தத் தீவும் இன்னொன்றைத் தலைநகராக ஒப்புக்கொள்ளாது என்பதால் அரசாங்கம் வருடத்துக்கு ஒரு தீவு என்று சுற்றிக்கொண்டிருந்தது. கொடி, ரப்பர் முத்திரை, நகலெடுக்கும் இயந்திரம், கை வைத்த நாற்காலி ஒன்று: இவை நான்கும் கப்பலில் ஏறினால் தலைநகர் ஏறிவிட்டது என்று அர்த்தம். எந்தத் தீவின் முறையோ அந்தத் தீவின் பெரியவர் ஒருவர் மூன்றுக்கும் தலைவர். அவர்கள் மொழியில் அந்தப் பதவிக்குப் பெயரே ‘தலை’. ஹாக்கேயாவின் ஃபலானிகோ தன் வருடம் முடிந்து நாற்காலியை ஃபாகாஆஃபி தீவுக்கு அனுப்பியபோது கப்பல் மறையும்வரை கரையில் நின்று பார்த்தார். நன்றியுரை மட்டும் இரண்டு மணி நேரம் ஆற்றியிருந்தார். அவருக்கு மனம் ஆறவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தீவுக்கும் ஆறவில்லை என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

தீவு கிளம்பியபோது ஆறு அலுமினியப் படகுகள் கடலில் இருந்தன. ஐந்து பேர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் துரத்தி, மதியத்துக்குள் கரையேறிவிட்டார்கள். ஆறாமவன் கெலேமே. அவன் தூண்டிலில் அப்போதுதான் ஆள் உயரச் சூரை மீன் ஒன்று சிக்கியிருந்தது.

“டேய், தீவு போகுதுடா!” என்று மற்றவர்கள் கத்தினார்கள்.

“போகட்டும். தீவு போனா வரும், மீன் போனா வராது” என்றான் கெலேமே, திரும்பியே பார்க்காமல். அவனிடமிருந்து அவர்கள் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

ஹாக்கேயா நூறு கிலோமீட்டர் நீந்தி ஃபாகாஆஃபி கண்ணுக்கெட்டும் இடத்தில் நின்றது. அங்கிருந்து பார்த்தால் கொடி தெரிந்தது. கெலேமேயைத் தேடித் தெற்கே இருந்தபடி மூன்று தீவுகளையும் மேற்பார்க்கும் பெரிய நாட்டிலிருந்து விமானம் ஒன்று வந்தது. காணாமல் போனவரைத் தீவைச் சுற்றித்தான் தேட வேண்டும் என்பது விதி. விமானம் தீவைச் சுற்றித் தேடியது, தீவு வந்த வழியிலும் பாதி தூரம் ஒருமுறை பறந்தது, பிறகு ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துவிட்டுப் போய்விட்டது. அவன் பின்னால் வந்து வழி தவறியிருப்பான் என்றே எல்லோரும் நம்பினார்கள். கிளம்பாமலேயே இருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவன் மனைவி செலூயாவைத் தவிர. பதினெட்டு வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவள் அவள்.

“அந்த ஆளை இருக்கிற இடத்தைவிட்டு நகர்த்த என்னாலயே முடியாது. தீவு சொல்லியா கேட்கப்போறார்?” என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருடம் தலைநகர் மூன்றாவது தீவான மோத்துலாலோவுக்குப் போயிற்று. ஹாக்கேயாவும் பின்னாலேயே போயிற்று. இதற்குள் ஊரில் ஒருவருக்கும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிருந்தது. தேவாலயத்தில் பீடத்துக்குப் பின்னால் உதித்த சூரியன் ஒரு மாதம் கழித்துப் பாதிரியாரின் இடது காதில் உதித்தது. கோழிகள் நாள் முழுக்கக் கரையோரமாகவே நடந்தன. பக்கத்து வீட்டுக்குப் போகிறவர்கள்கூட மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். பாயை விரித்தவர்கள் மறுபடி சுருட்டினார்கள். “எங்க இருக்கோம்?” என்பதே வணக்கம் சொல்லும் முறையாகிவிட்டது. “தெரியல, நீங்க சௌக்கியமா?” என்பது பதில். ஃபலானிகோ மட்டும் மலர்ந்திருந்தார். தன் தொலைநோக்குப் பார்வையால்தான் தீவு முன்னேறுகிறது என்று எல்லாக் கூட்டத்திலும் சொன்னார். எந்தத் திசையில் என்று யாரும் கேட்கவில்லை.

ஊரார் பிடித்த மீனையெல்லாம் கரையில் கொட்டி, வீட்டுக்கு வீடு தலையெண்ணிச் சமமாகப் பிரிப்பது அங்கே வழக்கம். கெலேமேயின் பங்கையும் செலூயா வாங்கிவந்தாள். இரண்டாம் வருட முடிவில் ஃபலானிகோ அவன் பெயரை எடுத்துவிடச் சொன்னார்.

“இல்லாதவனுக்கு எதுக்குப் பங்கு, தங்கச்சி? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“பதவி இல்லாத உங்களுக்குப் பெரிய மீனோட தலை போகுதே, அது எந்தச் சட்டம்ணே?”

சுற்றியிருந்தவர்கள் மீனைப் பார்த்தபடி சிரித்தார்கள். பெயர் அந்த மாதம் தப்பியது. அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமாகவே எடுத்து, அவனுக்கு இரங்கல் ஆராதனையும் வைத்துவிடுவது என்று பேச்சு நடந்தது. ஆராதனை நடந்துவிட்டால் பிறகு தேடுவதற்கு ஆள் கிடையாது.

அந்த மாதக் கப்பலில்தான் பெரிய நாட்டிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே அந்நிய மீன்பிடிக் கப்பல்களின் படிவங்கள். அந்தக் கடலில் சூரை பிடிக்க வரும் கப்பல் தீவிடம் அனுமதி கேட்டுக் கட்டணம் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்தில்தான் அரசாங்கத்தின் பாதி நடந்தது. கப்பல்களின் கருவிகளில் ஹாக்கேயா பழைய இடத்திலேயே இருந்தது. மாலுமிகள் அங்கே போய்ப் பார்த்தபோது ஒரு படகும் அதில் ஒரு மனிதனும் இருந்திருக்கிறார்கள். ஹாக்கேயா இதுதானா என்று கேட்டிருக்கிறார்கள். இதுதான் என்று அவன் சொல்லியிருக்கிறான். படிவங்களைக் கோணல் எழுத்தில் நிரப்பியும் கொடுத்திருக்கிறான். நிலப்பரப்பு: நான்கரை மீட்டர். மக்கள்தொகை: ஒன்று. ஆட்சிமுறை: தனியாகப் பேசிக்கொள்வது. முக்கியத் தொழில்: காத்திருப்பது. கட்டணமாக அரிசியும் மாட்டிறைச்சி டின்னும் வாங்கியிருக்கிறான். பெட்ரோல் கொடுத்தபோது, தான் எங்கும் போவதாக இல்லை என்று மறுத்துவிட்டதாக ஒரு மாலுமி குறிப்பு எழுதியிருந்தான். கையெழுத்து கெலேமேயுடையது.

ஒரு தீவைப்போல ஆள்மாறாட்டம் செய்யும் நபர் யார் என்று பெரிய நாடு விளக்கம் கேட்டிருந்தது. செலூயா படிவங்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்தாள். “ஐயோ, எழுத்து இன்னும் திருந்தல” என்று சொல்லி அழுதாள்.

கப்பலை அனுப்பி அவனைக் கொண்டுவரச் சொன்னாள். ஆண்டுத் திட்டத்தில் இல்லாத இடத்துக்குக் கப்பல் போகாது என்றார்கள். அலுமினியப் படகு கொண்டுபோகிற பெட்ரோலுக்கு அது எட்டாத தூரம். அப்போது தலைநகரின் முறை மறுபடி ஹாக்கேயாவுக்கு வரும் நேரம். மோத்துலாலோவுக்குப் பக்கத்தில், இருந்த இடத்திலேயே பதவியேற்க ஃபலானிகோ விருந்துக்குப் பன்றிகளைக்கூடக் குறித்துவிட்டார். செலூயா சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெரியவர்களின் கூட்டத்துக்குப் போனாள்.

“அண்ணே, ஹாக்கேயான்னா எதுன்னு இதுல போட்டிருக்கு. தெற்கே ஒன்பது டிகிரி, அப்புறம் ஏதோ நிமிஷம், விநாடி எல்லாம் இருக்கு. பதவி ஏத்துக்கிட்டா அங்கதான் ஏத்துக்கணும்.”

“அங்க வெறும் தண்ணிதானே இருக்கு!”

“அப்ப சட்டத்தை மாத்துங்க.”

சட்டத்தை மாற்ற மூன்று தீவும் மூன்றுமுறை கூட வேண்டும், பெரிய நாடு ஒப்புதல் தர வேண்டும். எப்படியும் பதினான்கு மாதம். ஃபலானிகோவின் பதவியோ பன்னிரண்டு மாதம். அவர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து, வெறும் தண்ணீரானாலும் அது முன்னோர்களின் தண்ணீர் என்று முழங்கினார். கைதட்டல் பலமாக இருந்தது.

கொடியும் முத்திரையும் இயந்திரமும் நாற்காலியும் ஃபலானிகோவும் கப்பலில் புறப்பட்டார்கள். இந்தமுறை தீவு ஏழு நாள் பொறுக்கவில்லை. ஆமை வேகத்தை முதன்முறையாக விட்டது. தென்னைகள் பின்னால் சாய்ந்தன, காயப்போட்ட துணிகள் படபடத்தன. மூன்றாம் நாள் மேல்தளத்தில் பதவியேற்பு உரையைப் பழகிக்கொண்டிருந்த ஃபலானிகோவை அவருடைய சொந்த வீடு கடந்து போயிற்று. வாசலில் நின்ற மனைவி கையசைத்தாள்.

தீவு போய் நின்றபோது கெலேமே நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அலை அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தான். படகைச் சுற்றிக் காயல் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் செலூயா வந்துகொண்டிருந்தாள். அவன் தாடி வயிறுவரை வளர்ந்திருந்தது. அதை அவள் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

“அந்த மீன் என்னாச்சு?”

“அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு.”

“ரெண்டு வருஷம்யா!”

“வரும்னு நினைச்சேன். வந்துட்டியே.”

அவள் அவனை அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள், பிறகு மறுபடி அடித்தாள். படகு கவிழ்ந்தது. கப்பல் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. ஃபலானிகோ வாசித்த உரையைக் கேட்க ஆளில்லை, எல்லோரும் கெலேமே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் யாரும் மூட்டை கட்டவில்லை. வருடம் முடிந்து நாற்காலி மறுபடி கப்பலேறியதும் கடை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள்: தீவு வரும் திங்கள் காலை பத்து மணிக்குக் கிளம்பும், மீனவர்கள் அதற்குள் கரை திரும்பவும். பெரிய நாடும் தீவுப் பள்ளிக்கு அன்று விடுமுறை விட்டது. ஒன்பது மணிக்குக் கெலேமே படகைத் தள்ளினான். செலூயா அரிசி மூட்டை, பானை, பாய், இரண்டு வருடத்துக்கு வேண்டிய தையல் வேலை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. தீவு போய்விட்டால் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது பேசாமலேயே முடிவாகியிருந்தது. கரையிலிருந்து ஒருத்தி மட்டும், கோழியைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கத்திக் கேட்டாள்.

“முட்டை நீ எடுத்துக்க! கோழியை மட்டும் தொடாத!” என்றாள் செலூயா.

தீவு பத்து மணிக்குப் போயிற்று. பத்தரைக்கு முதல் மீன் கடித்தது.