அத்தானின் ரசனை

என் அக்கா வீட்டுக்காரருக்கு ரசனை வந்தது ஐம்பதை நெருங்குகிற வயதில். அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு முழங்கால் வலி வரும். இவருக்கு இது வந்தது. சர்க்கரை வந்திருந்தால் அவர் ஒருவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டிருப்பார். இது வந்ததால் குடும்பமே சேர்ந்து அவதிப்பட்டோம்.

அதுவரை அத்தான் ஒரு குளியலறைச் சாமான் கடைக்காரர், அவ்வளவுதான். குழாய், வாஷ்பேசின், ஷவர், வழுக்காத தரை ஓடு. தொழிலில் கெட்டிக்காரர். ஒருநாள் ஒரு தாடிக்காரர் புது வீட்டுக்குக் குழாய் பார்க்க வந்தார். வெளிநாட்டுப் படங்கள் போடுகிற ஏதோ ஒரு சங்கத்தில் செயலாளராம். ஒரு குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு நல்ல கண்ணு இருக்கு சார், செலக்‌ஷன்லயே தெரியுது" என்று சொல்லியிருக்கிறார். விலையைக் குறைக்கச் சொல்கிறவன் வேறென்ன சொல்வான்? அத்தான் அதை அப்படியே விழுங்கிவிட்டார். அடுத்த வாரமே அந்தச் சங்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தார். திரும்பி வரும்போது நடையே மாறியிருந்தது என்று அக்கா சொன்னாள். பின்னால் கை கட்டிக்கொண்டு நடந்தாராம்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். காலையிலிருந்து முகக்கவசத்தோடு நிற்கிற வேலை. டாக்டர் கை நீட்டினால் கத்தரியோ கத்தியோ சரியாகப் போய் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. அங்கே தேக்கிவைத்த பேச்சையெல்லாம் அவள் வீட்டுக்கு வந்து டிவியிடம் கொட்டுவாள். சோபாவில் காலை நீட்டி, வயிற்றின் மேல் சிப்ஸ் பாக்கெட்டை வைத்துக்கொண்டு சீரியல் பார்ப்பாள். பார்ப்பாள் என்றா சொன்னேன், குடித்தனம் நடத்துவாள். "அடியே, அந்தப் பாலைக் குடிக்காதடி, அவ எதையோ கலந்துட்டா" என்று கத்துவாள். கல்யாணக் காட்சி வந்தால் அழுவாள், பிரிந்தவர்கள் சேர்ந்தால் அதைவிட அதிகமாக அழுவாள். முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, பத்து வயது குறைந்த மாதிரி அடுப்படிக்குப் போவாள். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாத சந்தோஷம் அது.

ரசனை வந்த அத்தானுக்கு அது பொறுக்கவில்லை.

முதலில் வீட்டின் பின்பக்க அறை போயிற்று. அக்கா துணி மடிக்கிற அறை. அதற்குச் சுவர், கூரை எல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். ஜன்னலை அடைத்தார். சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று சொல்லி நான்கு பக்கமும் பஞ்சுப் பலகை ஒட்டினார். ஒரு சுவர் முழுக்கத் திரை, கூரையில் புரொஜெக்டர், சாய்ந்துகொள்கிற நாற்காலிகள். உள்ளே போனால் குழிக்குள் இறங்கிய மாதிரி இருக்கும். கதவில் ஓர் அட்டை தொங்கியது: பேசக்கூடாது, சாப்பிடக்கூடாது, போன் கூடாது, நடுவில் எழுந்து போகக்கூடாது.

"பாத்ரூமுக்குக்கூடவா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் பஸ் டிரைவர். அந்தக் கவலை அவருக்குத்தான் தெரியும்.

"ஒரு கலைப்படைப்புக்குக் குடுக்கிற மரியாதை மாப்ள அது" என்றார் அத்தான்.

பாத்ரூம் சாமான் விற்றுப் பிழைக்கிறவர் சொன்ன பதில் இது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆஜராக வேண்டும் என்று ஆனது. நாங்கள் போனோம். ஏன் போனோம் என்றால், படம் முடிந்ததும் அக்கா சமைத்த சாப்பாடு இருக்கும். தாடிக்காரரும் தவறாமல் வருவார், அதே காரணத்துக்கு. கோழி வறுவலைப் பார்த்ததும் அவர் கண் விரிகிற மாதிரி எந்தப் படத்துக்கும் விரிந்து நான் பார்க்கவில்லை.

முதல் வாரம் போட்ட படத்தில் ஒரு கிழவர் ஆட்டை மலைமேல் ஓட்டிக்கொண்டு போகிறார். போகிறார், போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார். உச்சிக்குப் போய் உட்கார்கிறார். பிறகு இறங்குகிறார். ஆடு ஒருமுறை கத்தியது, அது ஒன்றுதான் வசனம். நான் நாற்காலிக் கைப்பிடியைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் பாதி போவதற்குள் எனக்குப் பக்கத்திலிருந்து குறட்டை கேட்டது. திரும்பிப் பார்த்தால் அத்தான். தலை பின்னால் சாய்ந்து, வாய் பிளந்து, அப்படி ஒரு தூக்கம். பஞ்சுப் பலகையால்கூட அந்தச் சத்தத்தை உறிஞ்ச முடியவில்லை.

விளக்குப் போட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "அந்த மௌனத்தைக் கவனிச்சீங்களா?" என்றார்.

குறட்டை விட்டவர் கேட்கிற கேள்வி. யாரும் சிரிக்கவில்லை, சாப்பாடு இன்னும் பரிமாறவில்லையே. ஒவ்வொருவரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றார். தாடிக்காரர் ஏதோ காலம், வெளி என்று இழுத்தார். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு, "ஆடு நல்ல வாட்டசாட்டமா இருந்துச்சு" என்றார். அத்தான் அவரை ஒரு பார்வை பார்த்தார். புழுவைப் பார்க்கிற பார்வை.

அக்காவின் முறை வந்தது. "கடைசியில அந்த மனுசன் சாப்பிட்டாரா இல்லையான்னு காட்டவே இல்லையே" என்றாள்.

"உனக்குப் புரியாது. சீரியல் பாத்துப் பாத்து மூளை மழுங்கிப்போச்சு" என்றார் அத்தான், எல்லோர் முன்னாலும்.

அக்கா எழுந்து சாப்பாடு எடுத்துவைக்கப் போனாள். அன்றைக்குக் கோழியில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அடுத்து ஹாலில் இருந்த டிவி போயிற்று. அக்கா வேலையிலிருந்து திரும்பி வந்தபோது சுவரில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன. அதைக் கழற்றிக் குடோன் காவலாளிக்குக் கொடுத்துவிட்டாராம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நம்ம வீட்டுக்கு அது அசிங்கம்" என்றாராம். அன்று மாலை அக்கா எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. ஆஸ்பத்திரிக் குரலில் பேசினாள்.

"சீரியல்ல அந்தப் பொண்ணு வீட்ட விட்டுப் போறதோட நேத்து நிறுத்தினாங்கடி. போனாளா?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனா. மாமியார் வந்து கூட்டிட்டுப் போயிட்டா" என்றேன்.

"மாமியாரா!" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

அந்த மனிதரை அதற்குமேல் என்னால் மனிதராக மதிக்க முடியவில்லை. ஒருத்தி நாளெல்லாம் ரத்தத்தோடு நின்றுவிட்டு வந்து கேட்பது அரைமணி நேர அழுகை. அதையும் பிடுங்கிக் குடோனில் போட்டு, அதற்கு ரசனை என்று பெயர் வைக்கிறவரை வேறென்ன சொல்வது?

அதன் பிறகு அக்கா மாறினாள். காலை ஷிப்டு உள்ள நாட்களில் வீட்டுக்கு நேரம் கழித்து வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குழிக்குள் சத்தம் போடாமல் உட்கார்ந்தாள், அபிப்பிராயம் கேட்டால் "ரொம்ப ஆழமா இருந்துச்சு" என்றாள். அத்தான் பூரித்துப்போனார். தன்னால் திருந்திவிட்டாள் என்று தாடிக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

எனக்கு விஷயம் தெரியும். சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் நான் வேலை செய்கிற மருந்துக் கடைக்கு அத்தான் போன் செய்தார். "உங்கக்கா போன எடுக்க மாட்டேங்கறா. எங்க இருக்கா?"

"தியேட்டர்ல இருக்கா அத்தான்" என்றேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை.

ஆபரேஷன் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டார். பிறகு என்ன தோன்றியதோ, ஆஸ்பத்திரிக்கே போன் செய்திருக்கிறார். அவர்கள், அந்த சிஸ்டர் மத்தியானமே கிளம்பிவிட்டார் என்று சொல்லிவிட்டார்கள். சிறிது நேரத்தில் அத்தான் வேர்த்து விறுவிறுத்துக் கடை வாசலில் வந்து நின்றார். இருமல் மருந்து வாங்க நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"உண்மையச் சொல்லு. யார் அவன்? அந்த சர்ஜன்தானே? கண்ணாடி போட்ட உயரமானவன்?"

"என்ன அத்தான் உளர்றீங்க?"

"தியேட்டர்ல இருக்கான்னு நீதானே சொன்ன? அங்க இல்லையே அவ!"

"தியேட்டர்னா தியேட்டர்தான். மார்க்கெட்டுக்குப் பின்னாடி இருக்கே, அது. மேட்னி ஷோ."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், சர்ஜனோடு போயிருந்தால்கூட அந்த முகம் அவ்வளவு தொங்கியிருக்காது. "அந்தக் கொட்டகையா? மூட்டைப்பூச்சி இருக்குமே அங்க?" என்றார். குரல் கீச்சென்று வந்தது. இருமல் மருந்துக்காரர்களில் ஒருவர், "இப்ப இல்ல சார், சீட்டெல்லாம் மாத்திட்டாங்க" என்றார்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு நானும் கூடக் கிளம்பினேன். அக்காவுக்குத் துணை வேண்டும் என்பது ஒன்று. வேடிக்கை பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது.

உள்ளே இருட்டு, பாப்கார்ன் வாசனை, பாதிக்குமேல் காலி. திரையில் ஒரு தாய் ரயிலடியில் நின்று பத்து வருஷத்துக்கு முன் தொலைந்த மகனைத் தேடிக்கொண்டிருந்தாள். மகன் அவள் முதுகுக்குப் பின்னாலேயே மூட்டை தூக்கிக்கொண்டு போனான். "திரும்பிப் பாரும்மா! பின்னாடிதான் போறான்!" என்று ஒரு குரல் கேட்டது. அக்கா. நடு வரிசையில், முன்சீட்டின் மேல் கால் போட்டு, மடியில் பாப்கார்ன் டப்பாவோடு, கண்ணீர் கன்னத்தில் வழிய உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள். அவர்களும் அழுதுகொண்டே அவள் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றார்கள்.

அத்தான் வரிசைக்குள் புகுந்து அவள் முன்னால் போய் நின்றார். "எழுந்திரு."

அக்கா கழுத்தை ஒருபக்கம் சாய்த்துத் திரையைப் பார்த்தாள். "மறைக்குது. நகருங்க."

"இந்தக் குப்பையப் பாக்கத்தான் என்கிட்ட பொய் சொன்னியா?"

"யோவ், உட்காருய்யா!" என்று பின்னால் ஒரு குரல். "உன்னைத் தாண்டிப் படம் தெரிய நீ என்ன கண்ணாடியா?"

எல்லோரும் சிரித்தார்கள். தாயும் மகனும் இடித்துக்கொள்கிற நேரத்தில் இடைவேளை விட்டு விளக்கு எரிந்தது. இப்போது அத்தானை எல்லோராலும் நன்றாகப் பார்க்க முடிந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார். கேமரா எங்கே வைத்திருக்கிறான் பார், இசையைப் பார், ரசிகனை முட்டாளாக்குகிற வேலை இது, உனக்காக எவ்வளவு பாடுபட்டேன், தாடிக்காரர் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்.

அக்கா டப்பாவைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க ரூம்ல நான் வாயத் தொறந்தேனா?"

"அது வேற..."

"தொறந்தேனா?"

"இல்ல."

"பிடிக்காம உட்கார்ந்திருந்தேன். நீங்க தூங்கும்போதுகூட முழிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். இது நான் காசு குடுத்து வந்த இடம். பாக்கறதுன்னா பாருங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க. பேசாதீங்க."

பக்கத்திலிருந்த பெண்களில் ஒருத்தி, "தூங்குவாராக்கா?" என்று கேட்டாள்.

"எல்லாப் படத்துக்கும்" என்றாள் அக்கா.

எழுந்து போனால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அத்தான் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. விளக்கு அணைந்தது. தாய்க்கு மகன் கிடைத்தான், உடனே அவனைப் போலீஸ் பிடித்தது. கொட்டகையே குமுறியது. மழைபெய்கிற மாதிரி மூக்குறிஞ்சல். அதற்கு நடுவே பழகிய ஒரு சத்தம் என் காதில் விழுந்தது. குறட்டை. ஆட்டுக்கும் அதே தூக்கம், அம்மாவுக்கும் அதே தூக்கம். படத்துக்குப் படம் வித்தியாசமே பார்க்காத மனிதர்.

படம் முடிந்து எல்லோரும் எழுந்தோம். அத்தான் எழவில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் பிளந்து கிடந்தார்.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

அக்கா அவரைக் குனிந்து பார்த்தாள். மயக்க மருந்து சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அது. "நடுவுல எழுந்து போகக்கூடாதுன்னு சொல்றவரு. தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தால் காலில் தட்டி எழுப்பினாளாம். அது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. அதற்குள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு சின்ன டிவி வாங்கினாள். பெரிதாக ஒன்றும் இல்லை, சமையலறை அலமாரி மேல் அடங்குகிற அளவு. ஹால் அவருடையது, அடுப்படி தன்னுடையது என்றாள். அத்தான் வீட்டுக்கு வந்தபோது குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, அதையும் மீறி மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டை முதுகில் பாப்கார்ன் ஒட்டியிருக்க, அவர் கறுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அக்கா சமைக்கவில்லை. "எனக்கும் லீவு நாள்தானே" என்றாள். செய்தி பரவி, அன்றைக்கே சொந்தக்காரர்கள் யாரையும் காணோம். ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்கு விருந்தாளி. என் வீட்டுக்காரர் டூட்டி மாற்றிப் போட்டுக்கொண்டார். தாடிக்காரர் மட்டும் வந்தார். அவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. படம் முடிந்து சாப்பாட்டு மேஜைப் பக்கம் இரண்டு முறை நடந்து பார்த்தார். அத்தான் பிஸ்கட் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் அவருக்கும் ஏதோ வேலை வந்துவிட்டது.

அத்தான் திருந்தினாரா என்றால், அதெல்லாம் இல்லை. இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் தன் வீட்டில் ரசனைக்கு ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். குழாய் வாங்க வந்தவர்கள் பாவம், தலையாட்டுகிறார்கள்.

போன வாரம் அக்காவைக் கூப்பிடப் போயிருந்தேன். மேட்னிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அத்தான் ஹாலில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் செருப்பு மாட்டும்போது, பேப்பருக்குப் பின்னாலிருந்து, "என்ன படம்?" என்றார்.

"உங்களுக்குப் பிடிக்காது" என்றாள் அக்கா.

"தெரியும். சும்மா கேட்டேன்."

பிறகு பேப்பரைத் தாழ்த்தி, "சோகப்படமா?" என்றார்.

அக்கா கைப்பையில் கைக்குட்டை இருக்கிறதா என்று பார்த்தாள், இரண்டு இருந்தன. "வெயிலாயிருக்கு, சீக்கிரம் வா" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். அத்தானைப் பார்க்கப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், எனக்கு இல்லை.