பல் டாக்டரின் சந்தேகம்

சாவின் கதவைத் திறந்து, அந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து மனித குலத்துக்குச் சொன்ன மகான் என்று அமெரிக்காவில் தென் டெலவரில் ஒரே ஒருவரைத்தான் கொண்டாடினார்கள்: குழந்தை மருத்துவர் லேலண்ட் கார்வே. பார்த்துவிட்டு வந்தவை என்னவோ அவரிடம் வைத்தியத்துக்கு வந்த குழந்தைகள். குளத்தில் விழுந்தது ஒன்று, காய்ச்சலில் மூச்சு நின்றுபோனது ஒன்று. அதையெல்லாம் புத்தகமாகப் போட்ட கார்வே பார்த்தது டெலிவிஷன் காமிராவைத்தான்.

பல் டாக்டர் நார்மன் பிட்டிலுக்கு இது பொறுக்கவில்லை. அவரும் அதே ஆராய்ச்சிதான் செய்துகொண்டிருந்தார். பல் பிடுங்குவதற்காகத் தான் சிரிப்பு வாயு கொடுத்து மயக்கியவர்களிடமெல்லாம், தெளிந்ததும் "வெளிச்சம் தெரிஞ்சுதா?" என்று வருடக்கணக்காகக் கேட்டு வந்தார். தெரிந்தது என்றுதான் நிறையப் பேர் சொன்னார்கள். முகத்துக்கு நேரே அவருடைய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கோழிப்பண்ணைக்காரர் மட்டும், செத்துப்போன தன் அத்தை வெள்ளைச் சட்டையில் வந்து தோளைத் தொட்டதாகச் சொன்னார். அது நர்ஸ் என்று பிட்டில் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் மாதாமாதம் மறுகரைச் சங்கம் கூடும். ஆளுக்கொரு பாத்திரத்தில் சோறோ கோழிக் குழம்போ கொண்டுவருவார்கள். செத்துப் பிழைத்தவர்கள் எழுந்து பேசுவார்கள். சங்கத்துக்குக் கார்வே போட்ட விதி ஒன்று உண்டு. என்ன பார்த்தாய் என்று கேட்கலாம். எப்படிப் போனாய் என்று கேட்கக் கூடாது, அது அநாகரிகம். குடித்துவிட்டுக் காரை மரத்தில் மோதியவர்களுக்கெல்லாம் அந்த விதி ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் கூட்டம் முடிந்து காரில் திரும்பும்போது பிட்டில் கார்வேயை நினைத்துப் புழுங்கினார்.

"அவனப் பேசறதுக்கு ஜப்பான்ல கூப்பிடறாங்க. என்னை ரோட்டரி கிளப்புல, பல் தேய்க்கறதப் பத்திப் பேசச் சொல்றாங்க."

"நீங்க பல் டாக்டர்தானே?" என்றாள் மனைவி லொரெய்ன்.

"அந்தக் குரலப் பாத்தியா? நேத்துத்தான் கடவுளோட காபி சாப்பிட்டுட்டு வந்த மாதிரி."

"உங்க ஆளுங்க யாரும் சாகறதே இல்லையே, நார்மன். பல்வலியோட வர்றாங்க, பல்லு இல்லாம போறாங்க. இத யாரு புத்தகமாப் போடுவா?"

"ஒரு குழந்தை கெடைச்சாப் போதும். ஒரே ஒரு குழந்தை."

"செத்துப்போன குழந்தையா?"

"சாக வேண்டாம். கிட்டப் போய்ட்டு வந்தாப் போதும்."

லொரெய்ன் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

அவர் கேட்ட குழந்தை வந்தே விட்டது. அதுவும் கார்வேயே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவர் மனைவிக்கு முதல் கணவனிடம் பிறந்த மகள் டெஸ்ஸா, பத்து வயசு, கடைவாய்ப் பல்லில் சொத்தை. கார்வே வரவேற்பறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நர்ஸ்கள் முறைவைத்து அவரை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பிட்டில் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். தலை தாழ்ந்ததுமே டெஸ்ஸாவின் கைகள் இரண்டும் மூக்கை மூடிக்கொண்டன. வாயைக் கழுவத் தண்ணீர்க் குழாயை எடுத்தார். அவள் உடம்பு விறைத்துப்போய்விட்டது.

"மேல ஊத்தாதீங்க. நான் நல்ல பிள்ளையா இருக்கேன். நான் ஒண்ணுமே பண்ணல."

"பல்லுக்குத்தான்மா. முகத்துல படாது."

"மூக்குல போனா மொதல்ல கறுப்பா வரும். அப்புறம் எல்லாம் வெள்ளையாயிடும்."

பிட்டிலின் கை அப்படியே நின்றது. நாற்காலியில் சாய்ந்தால் மூக்கைப் பொத்திக்கொண்ட பிள்ளையை அவர் தொழிலில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்த பிள்ளையையும் பார்த்ததில்லை. இரண்டில் எது அவர் நெஞ்சைப் போய்த் தட்டியது என்று சொல்ல வேண்டியதில்லை.

"வெள்ளையா? அந்த வெளிச்சத்துல யாராவது தெரிஞ்சாங்களா, கண்ணு?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பாட்டி, தாத்தா யாராவது?"

"யாருமில்ல. இருமல்தான் வரும்."

எப்படிப் போனாய் என்று அவர் கேட்கவில்லை. அது அநாகரிகம். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது. கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"இத உங்க அப்பாகிட்டச் சொல்லிட்டியா?"

டெஸ்ஸா மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"அவருதானே அங்க இருந்தாரு."

பிட்டிலின் முகம் தொங்கிப்போயிற்று. போச்சு. இதையும் அவன் முந்திக்கொண்டான். வீட்டுக்குள்ளேயே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த புத்தகத்தில் முதல் அத்தியாயமே இவள்தான். பல் டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொத்தையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

அந்தக் கோடையில் பள்ளிக்கூட நீச்சல் வகுப்பில் டெஸ்ஸா முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க மாட்டேன் என்றாள். சொல்லிக்கொடுக்க வந்தவள் ஏன் என்று கேட்டாள். டெஸ்ஸா சொன்னாள். சொன்ன பேச்சு கேட்காவிட்டால் அப்பா குழாயடியில் மல்லாக்கப் பிடித்து மூக்கில் தண்ணீர் விடுவாராம். அன்று சாயங்காலமே போலீஸ் வந்து கார்வேயைக் கூட்டிக்கொண்டு போனது.

பிட்டிலுக்கு வாழ்க்கையில் அதைப்போல ஒரு பசி எடுத்ததில்லை. ராத்திரி இரண்டு தட்டுச் சாப்பிட்டார். காலையில் பத்திரிகைக்காரரை அவரே கூப்பிட்டு, "எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே அந்த ஆள்மேல சந்தேகம்" என்றார். படத்தோடு போட்டார்கள்.

"ஆரம்பத்துலேர்ந்துன்னா, என்னிக்குலேர்ந்து?" என்று லொரெய்ன் கேட்டாள்.

அரசு வக்கீலும் அதையேதான் கேட்டார். பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் மருத்துவர் உடனே அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். பல் டாக்டரும் அதில் சேர்த்திதான். இத்தனை வருடமாக நானும் டாக்டர்தான் என்று சொல்லி வந்தவரை முதன்முதலாக டாக்டர் என்று ஒப்புக்கொண்டது அந்தச் சட்டம் ஒன்றுதான்.

ஜூரி கார்வேயைக் குற்றவாளி என்று சொல்வதற்கு இரண்டு நாள் முன்னால் பிட்டிலும் சாட்சி சொல்லக் கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேட்டார்.

"அப்ப ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம் இருந்துச்சு உங்களுக்கு?"

"சந்தேகம்னு இல்லீங்க."

"வேற என்ன?"

"பொறாமை."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. ஜூரிக்குக் கேக்கல."

"பொறாமைதாங்க."

"'அவருதானே அங்க இருந்தாரு'ன்னு பொண்ணு சொல்லிச்சு. அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?"

"பல்லை அடைச்சேன்."

"அப்புறம்?"

நீதிபதி இன்னொரு தடவை கேட்கச் சொன்னார்.

அப்புறம் அவர் வரவேற்பறைக்குப் போய், கார்வேயின் புதுப் புத்தகத்தை நீட்டி, அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.