வியட்நாமில் அத்தை மகன்

கன்னியம்மா வியட்நாமுக்குப் போனது ஊர் பார்க்க இல்லை. ஊர் பார்க்கப் போனவர்கள் கூட வந்த மூன்று பேர். அவளுக்கு ஒரே ஒரு சங்கதி தெரியவேண்டியிருந்தது. அத்தை மகன் எழிலன் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது விளையாட்டா, நெசமா? அதையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குள் தெரிந்துகொண்டாக வேண்டும். நாலு மணிக்கு மாதவரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

ரெண்டு வீடும் வியாசர்பாடியில்தான், ரெண்டு தெரு தள்ளி. பதிமூன்று வயதில் கன்னியம்மாவுக்கு மஞ்சள் தண்ணி சுத்தினபோது பட்டுப்பாவாடை கட்டி நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். தெருவே கூடி நின்றது. பதினாறு வயசு எழிலன் பந்திக்குப் போகிற தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டே, "இந்த மூஞ்சியவா நான் கட்டிக்கணும்? தெனம் பாக்கணுமே" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முறைப்பையனுக்கு அந்த உரிமை உண்டு. அவன் கிண்டல் பண்ணாமல் இருந்தால்தான் பையனுக்கு உடம்புக்கு என்னவோ என்று பார்ப்பார்கள். கன்னியம்மா மட்டும் லேசுப்பட்டவளா என்ன? "உன்ன கட்டிக்கிறதுக்கு பதிலா நான் கால்வாய்ல குதிச்சிடுவேன்" என்றாள். நம்ம பக்கத்துச் சாக்கடைக் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும்.

அன்றைக்குப் பிடித்ததுதான். காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு, எங்கே பார்த்தாலும் இதே கதை. "எப்போ தாலி கட்டட்டும்?" என்று அவன் கேட்பான். அவள் கால்வாய் இருக்கிற திசையைக் கைகாட்டுவாள். சனம் சிரிக்கும். இப்போது அவளுக்கு முப்பத்தொன்று, ராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அவனுக்கு முப்பத்துநாலு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ரெண்டு பேருக்கும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. தனக்கு வந்த வரன்களை அவன் வாயாலேயே விரட்டினான். தனக்கு வந்தவர்களை அவள் காரணம் சொல்லாமல் விரட்டினாள். அவள் நைனா நெஞ்சுவலி வந்து படுத்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவே கதியென்று கிடந்தவன் எழிலன். அந்தப் பதினோரு நாளும் அவன் அவளை ஒரு தபாகூடக் கிண்டல் பண்ணவில்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆட்டோவில் ஏறும்போதே பழையபடி ஆரம்பித்துவிட்டான்.

மாதவரத்து மாப்பிள்ளை மோசமில்லை. பால் கம்பெனியில் வேலை, தன்மையான ஆள் என்று சொன்னார்கள், போட்டோவிலும் நன்றாகத்தான் இருந்தார். எழிலன் பேசுவது வெறும் பேச்சுதான் என்றால் அவரைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடலாம். அது தெரியாமல் எப்படித் தலையாட்டுவது? வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லை. கேட்டால் அதுவும் கிண்டலில்தான் போய்ச் சேரும்.

எழிலனையும் சேர்த்து நாலு பேருக்கும் டிக்கெட் போட்டது அவன் தங்கை மதி. பள்ளிக்கூடத்து டீச்சர், லீவு வந்தால் கால் வீட்டில் நிற்காது. நாலாவது ஆள் கன்னியம்மாவின் அக்கா ராஜாத்தி. புருஷனையும் ரெண்டு பிள்ளைகளையும் மாமியார் தலையில் கட்டிவிட்டு, பெட்டியில் பாதிக்குப் புளிக்காய்ச்சலும் ஊறுகாயுமாக வந்து சேர்ந்தாள். ஹனோய் விமான நிலையத்தில் லான் என்கிற வழிகாட்டிப் பெண் மஞ்சள் கொடியோடு நின்றிருந்தாள். இருபத்தைந்து வயசிருக்கும், குடைக்கம்பி மாதிரி உடம்பு. நாலு பேரையும் எண்ணிப் பார்த்து, "ஒன் ஃபேமிலி, குட்" என்று சிரித்தாள்.

முதல் நாளே ரோட்டைத் தாண்ட முடியாமல் நின்றார்கள். ஸ்கூட்டர்கள் நிற்பதும் இல்லை, இடைவெளி விடுவதும் இல்லை. கன்னியம்மாவுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. நம்ம ஊர் டோல்கேட்டில் தினமும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் கையைக் காட்டிக்கொண்டே போகிறவள். ராஜாத்தியையும் மதியையும் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுத் திரும்பிப் பார்த்தால், அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிற மகராசன் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். திரும்பிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"கைய புட்ச்சிட்ட. ஊரே பாத்துகினு கீது. இனிமே நீதான் என்னைய வெச்சி காப்பாத்தணும்" என்றான் நடுரோட்டில்.

விரலுக்கடியில் அவன் நாடி எகிறிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டருக்காகவா, அவளுக்காகவா? லேபில் எத்தனை மெஷின் இருந்து என்ன, இதைச் சொல்ல ஒன்றும் கிடையாது. வந்த எரிச்சலில் நடுவிலேயே கையை விட்டுவிட்டாள். அவன் "யம்மோ" என்று அலறிக்கொண்டு மீதி ரோட்டை ஓடியே கடந்தான். அங்கே நின்ற ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எழிலனும் சிரித்தான்.

மூன்றாம் நாள் ஹாலாங் கடலில் படகு. காசிமேட்டுக் கடலையும் எண்ணூர்க் கடலையும் பார்த்துப் பழகின கண்ணுக்கு அந்தப் பச்சைத் தண்ணீர் நம்பும்படியாக இல்லை. அலையே கிடையாது. தண்ணீருக்குள்ளிருந்து மலைகள் எழும்பி நின்றன. ராஜாத்தி மேல்தட்டில் உட்கார்ந்து புளிச்சோறு பிசைய ஆரம்பித்தாள், லான் அதை ஒரு வாய் வாங்கித் தின்றுவிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டாள். எழிலன் கம்பியோரமாகத் தனியாக நின்றிருந்தான். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று கன்னியம்மா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஞாயித்துக்கெயமை மாதவரத்துலேர்ந்து வர்றாங்க."

"தெரியும். அம்மா சொல்ச்சி."

அவன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லுடா, ஒரு வார்த்தை சொல்லு, நான் அப்படியே போனைப் போட்டு வேணாம்னு சொல்லிடுறேன் என்று உள்ளுக்குள் கிடந்து தவித்தாள்.

"பாவம் அந்தாளு" என்றான் எழிலன். "வர்றப்போ ஒரு லைஃப் ஜாக்கெட் போட்டுகினு வரச்சொல்லு. நீ பேச ஆரம்பிச்சா மூய்கிடுவான்."

அவளும் சிரித்தாள். பதினெட்டு வருஷத்துப் பழக்கம், வாய் தானாகச் சிரித்துவிடுகிறது. சிரித்துவிட்டுக் கீழே இறங்கி, பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். இவனை நினைத்துக்கொண்டு எத்தனை வரனைத் தட்டிக் கழித்தோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக ராஜாத்தியிடம் போனாள்.

"மாதவரமே சரிக்கா. நைனாகிட்ட சொல்லிடலாம்."

ராஜாத்தி கையில் சோற்றுருண்டையோடு அண்ணாந்து பார்த்தாள். "நல்லா ரோசன பண்ணியாடி?"

"பண்ணியாச்சி."

"வூட்டுக்குப் போய் உன் வாயாலயே சொல்லு" என்றாள் ராஜாத்தி. ஆனால் ராஜாத்தி காதில் விழுந்தது மதி காதில் விழாமல் இருக்குமா? மதிக்குத் தெரிந்தது அண்ணனுக்குத் தெரியாமல் போகுமா? மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் எழிலன் வாயே திறக்கவில்லை. கன்னியம்மா வேண்டுமென்றே ஸ்பூனைத் தவறவிட்டு, கிண்டல் பண்ண இடம் கொடுத்துப் பார்த்தாள். அவன் குனிந்து ஸ்பூனை எடுத்து மேஜையில் வைத்தான். மதி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்றுதான் கடைசி நாள். நின் பின் என்கிற இடத்தில் ஆற்றில் படகுச் சவாரி. துடுப்பைக் காலால் தள்ளி ஓட்டுகிற பெண்கள். அவர்கள் பாட்டுக்குச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, சைக்கிள் மிதிப்பதுபோல மிதிக்கிறார்கள், படகு சத்தமில்லாமல் போகிறது. ராஜாத்தியும் மதியும் ஒரு படகில் ஏறி முன்னால் போய்விட்டார்கள். கன்னியம்மாவும் எழிலனும் லானோடு அடுத்த படகில். ரெண்டு பக்கமும் நெல் வயல், அதற்குப் பின்னால் மலை. ரொம்ப தூரம் யாரும் பேசவில்லை. லானுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பிரதர், சிஸ்டர், ஃபைட்?" என்று கேட்டாள்.

"நோ பிரதர்" என்றாள் கன்னியம்மா வெடுக்கென்று.

லான் குழம்பிப்போனாள். அவளுக்குப் புரியவைக்கிற பாடு கன்னியம்மாவுக்கு வந்து சேர்ந்தது. இவன் அம்மாவும் என் அப்பாவும் கூடப்பிறந்தவங்க என்று ரெண்டு விரலைக் காட்டிச் சொன்னாள். கசின் என்றால் பிரதர்தானே என்றாள் லான். அது சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளைக்கு, இது வேறே, இதில் கட்டிக்கலாம் என்று கன்னியம்மா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

லான் அவளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஊர் வேறு, முறை வேறு, இதில் சிரிக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவள் எழிலனிடம் நேராகவே கேட்டாள்.

"ஒய் யூ நோ மேரி?"

கன்னியம்மாவுக்கு வழக்கம்போலச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று திரும்பினாள். தமிழில் அவனிடம் ஆயிரம் கிண்டல் இருந்தது. இங்கிலீஷில் ஒன்றுகூட இல்லை. அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் கிரேன் மேல் உட்கார்ந்து வாக்கிடாக்கியில் பேசுகிறது. தூக்கு, இறக்கு, நிறுத்து. அதில் ஒரு வார்த்தை விளையாட்டுக்குச் சொன்னால் கீழே நிற்கிறவன் செத்தான்.

"ஐ ஆஸ்க்" என்றான் எழிலன். "மெனி டைம். ஷீ லாஃப். ஐ ஆல்ஸோ லாஃப். ஃபினிஷ்."

லான் தலையாட்டினாள்.

"சண்டே அனதர் மேன் கமிங்" என்றான். "ஐ நோ லைக்."

காலால் துடுப்புப் போட்ட அம்மாள் மிதிப்பதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தாள். படகு அதுபாட்டுக்கு மிதந்தது. கன்னியம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் முதலில் வந்தது கோபம்.

"அடப்பாவி, இத தமிய்ல சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

"தமிய்ல சொன்னா நீ சிரிப்ப."

"நீ சிரிச்சிகினே சொன்னா நான் வேற இன்னா பண்றது?"

"நீதான் கால்வாய்ல குதிப்பேன்னு சொல்லிகினு கீற" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டே. "எங்கம்மா எத்தினி தபா பொண்ணு கேக்க தட்டு எடுத்துகினு வரேன்னு நின்னுச்சி தெரியுமா? நாந்தான் வேணாம்ட்டேன். அது குதிச்சாலும் குதிக்கும்மா, உட்டுடுன்னு."

ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு காதுகுத்திலும், தான் சொன்னதை அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது கன்னியம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரித்தாளா என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"எயிலு, இப்போ சொல்லு. தமிய்ல."

அவன் நிமிர்ந்தான். காது ரெண்டும் சிவந்து போயிருந்தது. "கன்னி..." என்று ஆரம்பித்தான். அதற்குமேல் வரவில்லை. அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. லான் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து மலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கன்னியம்மா பையிலிருந்து போனை எடுத்து நைனாவுக்குப் போட்டாள். ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். மூலக்கடை டீக்கடையில் இருக்கிறார்போல, பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

"இன்னாம்மா, நல்லா கீறியா? ராஜாத்தி துன்னுச்சா?"

"நைனா, மாதவரத்து ஆளுங்கள வரவேணாம்னு சொல்லிடு."

"ஏம்மா? இன்னா ஆச்சி?"

"ஞாயித்துக்கெயமை அத்த வருது."

"அத்த தெனம்தான் வருது."

"இந்த தபா தட்டோட வருது நைனா."

நைனா டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எயிலு கேட்டானா?"

"கேட்டான்."

"சிரிக்காம கேட்டானா?"

கன்னியம்மா எதிரில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். அவன் படகின் ஓரத்தை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இங்கிலீஷ்ல கேட்டான், நைனா."