எல்லாப் பேச்சும் இது வழியா

எல்லாரும் சௌக்கியமா? மூட்டுவலிக்காரர்களுக்கு இந்த மழையில் வலி கொஞ்சமாவது மட்டுப்பட்டதா? உட்காருங்கள், கூத்தாநல்லூர் ஜன்னத் பீவியின் கதையைச் சொல்கிறேன்.

அவள் புருஷன் மூஸா சவூதியில் தம்மாமில் கடை வேலை பார்த்தவர். இரண்டாயிரத்து ஆறில் அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். முகம் பார்க்கக்கூட இவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மிஞ்சியது அவர் கடைசியாக இன்டர்நெட்டில் பேசிய பதினோரு நிமிஷம்தான். மகள் அனீஸா அதைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உட்கார்ந்து, ஜன்னத் தினமும் அதைக் கேட்டாள். இருபதாம் நாள் கம்ப்யூட்டர் செத்துப்போனது.

ரிப்பேர் பார்க்க சுஹைப் வந்தான். இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாதே! உள்ளறையில் இருந்தபடி மகளைக் கேட்டாள்:

"வாப்பா பேச்சு எதுல இருக்குன்னு கேளுடி."

அனீஸா கூடத்துக்குப் போய், "பேச்சு எதுலண்ணே?" என்றாள்.

சுஹைப் மதர்போர்டைக் கழற்றிக் காட்டினான். "பிராசசர், மெமரி, ஹார்ட் டிஸ்க், ஸ்பீக்கர் எதுவும் நேரா பேசிக்காதும்மா. எல்லாப் பேச்சும் இந்தச் சிப்செட் வழியாத்தான். அதுதான் போயிடுச்சு. இந்த மாடல் போர்டு இப்ப வர்றதில்ல."

அனீஸா உள்ளே வந்து சொன்னாள்: "எல்லாப் பேச்சும் இந்தப் போர்டுலதானாம் உம்மா."

'வழியா' என்ற ஒரு சொல் வாசற்படியிலேயே விழுந்துவிட்டது.

ஜன்னத் போர்டை வெள்ளைத் துணியில் சுற்றி, துணிமணிக்கு நடுவே வைத்தாள். மிச்சக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுக்கச் சொன்னாள்.

இத்தா முடிந்தது. அவளே போர்டை எடுத்துக்கொண்டு மகளோடு சுஹைப் கடைக்குப் போய், "ரெண்டு நாளானாலும் பரவாயில்ல தம்பி, அவங்க குரலை எடுத்துக் குடுங்க" என்றாள்.

"மாமி, ஹார்ட் டிஸ்க் எங்க? பெட்டிக்குள்ள கனமா ஒண்ணு இருந்துச்சே. குரல் அதுலல்ல இருக்கும்! வேற கம்ப்யூட்டர்ல மாட்டி அஞ்சு நிமிஷத்துல எடுத்திருப்பேனே."

அனீஸா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுல ஒரு சொல்லுகூடத் தங்கலையா தம்பி?"

"மதகு மாதிரி மாமி இது. இந்தப் பக்கம் வர்றத அந்தப் பக்கம் விடும். வச்சிக்காது."

அனீஸா தேம்பினாள். "அழாதடி. எனக்கு எல்லாம் மனப்பாடம்" என்றாள் ஜன்னத்.

வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'குழம்புக்கு உப்பைக் குறைச்சுப் போடு ஜன்னத்து, உனக்கு பிரஷர் இருக்கு.' ஒரு சொல் விடாமல் வந்தது. ஆனால் அது அவள் குரலிலேயே கேட்டது. திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் குரல் வரவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கைதவறிப் போன குரல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். யாருடையது, என்ன சொல்லும், எப்படிப் போனது என்று எல்லாம் எழுதுங்கள்.