எட்டாவது வாரம்

"மானுக்கு இருமல் வந்தா, அதோட முதுகை யாரும்மா தடவிக் கொடுப்பாங்க?"

டாக்டரின் மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளி விடுமுறை நாள்களில் குழந்தையை வீட்டில் தனியே விட முடியாமல் அம்மா ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டி வந்துவிடுவார். கிருமி இருக்கும் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட அனுமதி கிடையாது. முன்பக்கத்தில் முட்டை உடைக்கும் அறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

காசநோய்க் கிருமிக்கு நாக்கு நீளம். கண்டதைத் தின்று வளராது. கோழி முட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடைத்துக் கலக்கி, உப்பும் பச்சைச் சாயமும் சேர்த்து, சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றிச் சாய்த்து வைத்து வேகவைத்துக் கொடுக்க வேண்டும். காட்டில் செத்துக் கிடந்த விலங்கின் நுரையீரலிலிருந்து எடுத்ததை அந்தப் பச்சைச் சரிவின் மேல் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாரம் இருநூறு முட்டை உடைத்த உதவியாளரை எல்லோரும் 'முட்டைக்காரர்' என்றே கூப்பிட்டார்கள்.

அன்று குழந்தைக்குப் பதில் சொன்னவரும் அவர்தான்.

"வேற யாரு பாப்பா? உங்கம்மாதான். அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க."

"அம்மா எங்க போய்த் தடவறாங்க? எப்பப் பாத்தாலும் ரூமுக்குள்ளயேதான் இருக்காங்க."

"மாட்டிக்கிட்டீங்களாம்மா?" என்று அவர் சிரித்தார். டாக்டரும் சிரித்தார்.

இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. முட்டை அறையில் இப்போது அலமாரி மட்டும்தான் மிச்சம். ஆய்வுக்கூடம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. பணி ஓய்வு பெறும் டாக்டருக்கு நாளை பிரிவு உபசார விழா. மேசைமேல் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள், உலர்த்தி வாய் மூடிய கண்ணாடிக் குப்பியில், குழந்தை அப்படிக் கேட்ட வருடம் செத்த ஒரு மானின் நுரையீரலில் கிடைத்த கிருமி. நான்கு மணிக்கு வேன் வந்து அதைக் கிருமிக் காப்பகத்துக்குக் கொண்டு போகும். கூடவே ஓர் அட்டை போக வேண்டும். அதில் 'முதலில் கண்டவர்' என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் பெயரால்தான் அந்தக் கிருமி இனிமேல் அழைக்கப்படும். அங்கே பதிந்த பிறகு மாற்ற வழியில்லை. அலுவலகத்தில் டாக்டரின் பெயரை அழகாக அச்சடித்து, கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று ஒரு வெற்று அட்டையையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பெயர் தப்பு என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மான்கள் சாகத் தொடங்கிய அந்த வருடம், காட்டு ஓரத்துக் குட்டையில் மான்களோடு ஊர் மாடுகளும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. மாட்டுப் பாலை அங்கே பிள்ளைகள் குடித்தார்கள். காசநோயா இல்லையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆறு வாரமாகியும் குழாய்களில் ஒன்றும் முளைக்கவில்லை. மகளுக்குக் கடல் காட்டுவதாகச் சொல்லி இரண்டு முறை ஏமாற்றியாகிவிட்டது. கையில் ரயில் டிக்கெட் இருந்தது. 'நோய் இல்லை' என்று எழுதி உறையை ஒட்டி, தபாலில் சேர்க்கச் சொல்லி முட்டைக்காரரிடம் கொடுத்தார். "அந்தக் குழாயையெல்லாம் அவிச்சு எறிஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பிய அன்று மேலதிகாரி கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு 'இடி' என்று பெயர்; வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

"ரிப்போர்ட் எங்கேன்னு வனத்துறையில ரெண்டு தரம் கேட்டுட்டாங்க! யார் தப்பு இது?"

"நான்தான் சார். தபால்ல சேர்க்க மறந்துட்டேன்" என்றார் முட்டைக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இடி போன பிறகு, காலி முட்டை அட்டைகளுக்கு அடியிலிருந்து ஒட்டிய உறையை முட்டைக்காரர் வெளியே எடுத்தார். பிறகு, கிருமி வளரக் குழாய்களைச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்து காட்டினார். எறியச் சொன்ன குழாய்கள் அப்படியே இருந்தன. ஒன்றில் மட்டும், பச்சைச் சரிவின் மேல், கடுகில் பாதிகூட இல்லாத இரண்டு வெளிர்ப் புள்ளிகள்.

"முந்தாநேத்துதான் கண்ணுல பட்டுச்சும்மா."

"நான் எறியச் சொன்னேனே..."

"எட்டு வாரம் ஆகறதுக்கு முன்னால எறியாதீங்கன்னு செவுத்துல எழுதி ஒட்டினது யாரு? நீங்கதானே. எழுதின அம்மா பேச்சைக் கேக்கறதா, ஊருக்குப் போற அம்மா பேச்சைக் கேக்கறதான்னு யோசிச்சேன்."

சரியான அறிக்கை போனது. குட்டைக்கு வேலி போட்டார்கள். மாடுகளைச் சோதித்தார்கள். பாலைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்கள். டாக்டருக்குப் பாராட்டு வந்தது. முட்டைக்காரருக்கு மெமோ வந்தது. அதனால் அந்த வருடம் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு கைநழுவியது, மறுபடி வரவேயில்லை. கணவரில்லாமல் குழந்தையோடு இருந்த டாக்டருக்கு வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதுவரை வாயை மூடிக்கொள்வோம் என்று நினைத்தார். வேலை நிரந்தரமானபோது மௌனமும் கூடவே நிரந்தரமாகிவிட்டது. தினமும் கும்பிடும்போது கடவுளிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கடவுளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் அது.

இன்று, வேன் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது, டாக்டர் முட்டைக்காரருக்குப் போன் செய்தார்.

"அம்மாவா! பாப்பா எப்படி இருக்கு?"

"அவளுக்கே ஒரு பாப்பா இருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க?"

"கொலஸ்ட்ராலாம். டாக்டர் முட்டையை நிறுத்திட்டாரு. அத்தனை முட்டையை உடைச்ச பாவம் சும்மா விடுமா?"

டாக்டர் சிரித்தார். பிறகு தயங்கி, "அந்த மான் விஷயம்... இப்பவாவது நான் சொல்லிடறேனே" என்றார்.

"எதுக்கும்மா அதெல்லாம்? நாளைக்கு உங்களுக்கு விழா. நல்லா சிரிச்சு போட்டோ எடுத்துக்கோங்க. வெச்சிடட்டுமா? பேரன் போன் கேக்கறான்."

வைத்துவிட்டார்.

டாக்டர் வெற்று அட்டையை எடுத்தார். பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது. இத்தனை வருடமாகியும் முட்டைக்காரருடைய முழுப் பெயரும் இனிஷியலும் டாக்டருக்குத் தெரியாது. எழுந்து போய் முட்டை அறை அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு கலக்கலுக்கும் தேதி போட்டு அவர் கையெழுத்திட்ட நோட்டு, மூலையில் தூசி படிந்து கிடந்தது. சாயம் பட்டுப் பச்சையாகிப்போன ஒரு பக்கத்தில் பெயர் முழுதாக இருந்தது. எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினார். கீழே குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'ஆறாவது வாரத்தில் எறியச் சொன்னது நான். எறியாமல் காத்து, எட்டாவது வாரத்தில் முதலில் கண்டவர் இவர். அப்போது இவர் வாங்கிய மெமோ எனக்கு வந்திருக்க வேண்டியது.' கையெழுத்துப் போட்டார். அதையே ஒரு வெள்ளைத்தாளிலும் எழுதி, அவருடைய பழைய கோப்பில், மெமோவுக்கு மேலே சேர்த்துக் கட்டினார்.

அச்சடித்த அட்டையைக் கிழித்துக் கூடையில் போட்டார். மற்றதைக் குப்பியோடு வைத்துப் பெட்டியை ஒட்டினார். கூடத்தில் யாரும் இல்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, மெல்ல ஒருமுறை தடவிக் கொடுத்தார். வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.