பின்னறை

"லாண்டரில உனக்குத் தனி ரூம் குடுத்திருக்காங்க. நிம்மதியா இருக்குமில்ல?" ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், செருப்பை மாட்டிக்கொண்டே புருஷன் கேட்டான்.

"ம்."

"என்ன ம்? மகாராணி மாதிரி உக்காந்து துணி மடிக்கப் போறே. எனக்குக் கிடைச்சா விடுவேனா?"

அவள் சிரித்து வைத்தாள். பழைய இடத்தையே கேட்கலாம்தான். ஏன் என்று கேட்பார்களே, என்னவென்று சொல்வது?

இப்போது லாண்டரியின் பின்னறையில், விடியும் முன்பே, மகாராணி மடித்துக்கொண்டிருந்தாள். ஈரம் வற்றாத படுக்கை விரிப்புகள் மலையாய்க் குவிந்திருந்தன. விரலிடுக்கைச் சலவைச் சோடா அரித்தது. மாத்திரைத் தூக்கம் இமையில் தொங்கியது. கை நடுங்கி மடிப்பு கோணினால் கூலியில் பிடித்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை. முன்பு இஸ்திரிக் கூடத்தில் மெஷின்களின் இரைச்சலும் கூட வேலை செய்யும் நெட்டையக்காவின் நக்கலும் சேர்ந்து, தலைக்குள் பேசும் குரலை அமுக்கி வைத்திருந்தன. இங்கே அதைத் தட்டிக்கேட்க ஆளில்லை. 'தண்டம், தண்டம்' என்று ஓயாமல் ஏசியது.

"வாயை மூடேன்!" கத்தியேவிட்டாள்.

வாசலில் முதலாளி நின்றிருந்தார். கூடத்துக்கு அழைத்துப் போய், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பாவம்னு தனி ரூம் குடுத்தேன். அங்கயும் தனியாப் பேசிக்கிட்டிருக்கா. நாளையிலேருந்து வர வேணாம்."

"தனியா வெச்சா தனியாத்தான் பேசுவா. பேச்சுத் துணைக்கு நீங்க உக்காந்தீங்களா?" நெட்டையக்கா இஸ்திரியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உன் வேலையப் பாரு."

"பாத்தாச்சு." சுவிட்சை அணைத்தாள். பக்கத்து மெஷின் நின்றது. அடுத்ததும் நின்றது. கடைசி நீராவியும் சீறி அடங்கியது.

"பைத்தியத்துக்கு வக்காலத்தா? மொத்தப் பேரையும் அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. சேர்ந்தே போறோம்." அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "உனக்கு ஓய்வு வேணும்னு நெனச்சு நாங்களும்தான் பேசாம இருந்துட்டோம். உன்னை யாருமே கேக்கலயேடி. உனக்கு என்ன வேணும்?"

கூடம் முழுக்க அமைதி. தலைக்குள் இருந்த குரல் முந்திக்கொண்டது. 'சொல்லாதே. சிரிப்பாங்க.'

யாரும் சிரிக்கவில்லை. காத்திருந்தார்கள். அவள் நடுங்கும் கையை மறைக்காமல் முதலாளியைப் பார்த்தாள்.

"எனக்குத் தலைக்குள்ள குரல் கேக்குதுங்க. தனியா இருந்தா அதுதான் ஜெயிக்குது. இந்தச் சத்தத்துல, இவங்க பக்கத்துல, என்னை மறுபடி நிக்க விடுங்க."