சூளைக்குப் போன வீடு

முதலாளியின் மாடிவீடு சூளையை நோக்கி நடக்கத் தொடங்கியது எந்த வருஷம் என்பதில் ஊருக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. முதலில் கவனித்தவர் பால்காரர். அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில்தான் அவர் தினமும் போய்வருவார். ஒருநாள் காலையில் தோள் இரண்டும் சுவரில் உரசின. தனக்குத்தான் உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டார். வாரக் கடைசியில் சந்தே இல்லை.

அந்தச் செங்கல் சூளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. முதலாளி நிலத்தை வாங்கியபோது நிலத்தோடு சூளையும், சூளையோடு அதில் வேலை செய்தவர்களும் அவர் கைக்கு வந்தார்கள். மாட்டையாவது சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவார்கள். இவர்களை அப்படிக்கூட யாரும் பார்க்கவில்லை. அச்சில் மண்ணை அடித்துக் கல் அறுக்கிற ஒவ்வொருவரும் பச்சைக் கல்லில் தன் வலது கட்டைவிரலை அழுத்திக் குழி வைக்க வேண்டும். கல் நெருப்பில் வெடித்தால், குழியைப் பார்த்து ஆளைப் பிடித்துக் கங்காணி சவுக்கால் அடிப்பான். அதோடு இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பிள்ளையை ஊருக்குள் இருந்த மாடிவீட்டுக்குக் கொண்டுபோய் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். பெற்றவர்கள் சூளை வேலியைத் தாண்டினால் பிள்ளைக்கு அடி. பிள்ளை வாசற்படியைத் தாண்டினால் பெற்றவர்களுக்கு அடி. முதலாளிக்குப் பூட்டு வாங்கும் செலவுகூட இல்லை.

அவர்களில் கல்லறுப்பவள் ஒருத்திக்கு இருந்தது ஒரே மகள். குழந்தைக் கையால் அறுத்த கல் நெருப்பில் நிற்காது என்று தெரிந்து, மகள் அறுத்த கல்லிலும் தாய் தன் விரலையே அழுத்தி, இரண்டு பேர் அடியையும் தானே வாங்கிக்கொண்டாள். மகளுக்கு ஏழு வயது ஆனதும் வண்டி வந்தது.

"அம்மா, நான் எப்போ திரும்பி வருவேன்?"

"அதெல்லாம் கேக்காத. வாசப்படிய மட்டும் தாண்டிடாதடி. நீ தாண்டினா எனக்கு, நான் தாண்டினா உனக்கு. புரியுதா?"

பெற்ற தாய் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிற புத்தியா இது? ஆனால் அவளிடம் கொடுத்தனுப்ப வேறெதுவும் இல்லை.

முதலாளி கஞ்சன். அந்த வீட்டைத் தன் சூளைக் கல்லில்தான் கட்டியிருந்தார். விருந்தாளி பார்க்கிற சுவருக்கெல்லாம் வழவழவென்று பூச்சு. பிள்ளைகள் படுக்கிற சாமான் அறையைப் பூசாமல் அப்படியே விட்டுவிட்டார். அங்கே ஓட்டைப் பெட்டிகளுக்கும் விளக்குமாறுகளுக்கும் நடுவில் மகள் படுத்தபோது, முகத்துக்கு நேரே ஒரு கல்லில் அம்மாவின் விரல்குழி தெரிந்தது. பக்கவாட்டில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்குள் தன் விரலை வைத்துக்கொண்டு தூங்கினாள். வீடு ஒரு நூல் அளவு நகர்ந்தது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், கட்டிய வீட்டைப் பிடித்து நிறுத்திப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். முதலாளி முட்டுக்கட்டை கொடுத்துப் பார்த்தார், சங்கிலி போட்டுப் பார்த்தார். கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்து, "சுவர் நேராத்தான் நிக்குது முதலாளி, ஊருதான் கொஞ்சம் பின்னால போகுது" என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். வீடும் மரியாதையாகத்தான் போயிற்று. கிணற்றைச் சுற்றிக்கொண்டது, எதிரே வண்டி வந்தால் நின்று வழிவிட்டது. தபால்காரர் மட்டும் கடைசிவரை முணுமுணுத்தார்.

அந்த வருஷங்களில்தான் இனி யாரும் யாருக்கும் அடிமையில்லை என்று சட்டம் வந்தது. முதலாளி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். சூளை வேலியின் கதவைத் தன் கையாலேயே திறந்துவைத்தார். "போறவங்க தாராளமா போகலாம். உங்க பிள்ளைங்க எங்க வீட்டுல பத்திரமா இருக்கும், கவலப்படாதீங்க" என்றார். ஒருவரும் அசையவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி திறந்த கதவையும் அசையாத ஆட்களையும் பார்த்து, எல்லோரும் இஷ்டப்பட்டே இருக்கிறார்கள் என்று முடிவு செய்து, முதலாளி வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீடு ஆற்றங்கரைக்கு வந்த சமயம், சுவரில் விரிசல் தேடிச் சாமான் அறைக்குள் நுழைந்த முதலாளி, குழியில் விரல் வைத்துத் தூங்கும் பெண்ணைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. சுவரைப் பூசலாம், ஆனால் கொத்தனார் கூலி கேட்பார். விரலை வெட்டச் செலவில்லை. அன்று சாயங்காலம் கல்லறுப்பவளின் வலது கட்டைவிரலை வெட்டிச் சூளை நெருப்பில் போட்டார்கள். வீடு கரையிலேயே நின்றுவிட்டது.

அவள் நான்கு விரலால் கல் அறுத்தாள். குழி இல்லாத கல் எது உடைந்தாலும் அடி அவளுக்கு என்று கங்காணி சுலபமாக முடிவு கட்டிக்கொண்டான். அடியைவிடப் பெரிய கொடுமை, களத்தில் நிமிர்ந்தால் எதிர்க்கரையில் வீடு தெரிவதுதான்.

"அது கெளம்பாமலே இருந்திருக்கலாம் அண்ணே. கண்ணுக்கெட்டுற தூரத்துல நின்னுக்கிட்டு உயிர வாங்குது" என்று சூளைக்குத் தீ போடுகிறவரிடம் சொல்லி அழுதாள்.

"அழாத தங்கச்சி. எனக்கு அது தெரியறதே தெம்பா இருக்கு. எம்பையன் மாடியிலேருந்து கையாட்டுற மாதிரி இருக்கு பாரு" என்றார் அவர்.

பையன் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொன்னால் அப்பன் வேலி தாண்டிவிடுவான் என்று முதலாளி சொல்லவில்லை.

நின்ற வீட்டுக்குள் மகள் ஒவ்வொரு நாளும் குழியில் விரலை வைத்து அழுத்தினாள். குழி பெரிதாக இருந்தது, விரல் ஆடியது. அழுதாள், திட்டினாள், தலையால் முட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. வருஷங்கள் போயின. தேய்த்த பாத்திரமும் துவைத்த துணியும் சுமந்த தண்ணீரும் அவள் கையைத் தாயின் கையாக்கின. அரிவாள்மணை அவள் விரலிலும் ஒரு வெட்டுப் போட்டது. அது ஆறிய பிறகு ஒரு மத்தியானம் விரலை வைத்தாள். குழிக்குள் மூச்சுவிட இடமில்லாமல் பொருந்தியது. வீடு ஆற்றில் இறங்கியது.

தண்ணீர் கூடத்துக்குள் வந்ததும் முதலாளியும் முதலாளியம்மாவும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கரைக்குக் குதித்தார்கள். "எல்லாரும் எறங்குங்க, எறங்குங்க!" என்று முதலாளி கத்தினார். பிள்ளைகள் மாடிப்படியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"வாசப்படி தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் மகள்.

வீடு சூளைக்களத்தில் ஏறி, காயவைத்திருந்த பச்சைக் கல் ஒன்றைக்கூட மிதிக்காமல் நின்றது. புகையில் பாதிக் கண் போயிருந்த கல்லறுப்பவள் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். ஆறு பூச்சையெல்லாம் கரைத்திருந்தது. கல்லுக்குக் கல் தன் விரல். அவள் உள்ளே போனாள். அவள் பின்னால் சூளையே உள்ளே போயிற்று. கங்காணி சவுக்கோடு ஓடிவந்தான், ஆனால் முதலாளி வீட்டுக்குள் இருப்பவர்களை அடிக்க அவனுக்கு உத்தரவு இல்லை. தீ போடுகிறவர் அறை அறையாகத் தேடினார், மாடியில் இரண்டு முறை தேடினார். பிள்ளைகள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சாமான் அறை மூலையில் உட்கார்ந்தார். வீடு திறந்திருந்த வேலிக்கதவு வழியாக, கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டு, வெளியே போயிற்று. முதலாளி அதிகாரியிடம் முறையிட்டார். "உங்க வீட்டுக்குள்ளதானே இருக்காங்க? அப்புறம் என்ன?" என்று அதிகாரி கேட்டுவிட்டார்.

வெகுதூரம் போய், யாரும் உரிமை கோராத ஒரு மேட்டில் வீடு நின்றது. அப்போதும் யாரும் வெளியே வரவில்லை. கதவு திறந்தே கிடந்தது. தாண்டினால் அடி யாருக்கு விழும் என்ற பயத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். கடைசியில் கல்லறுப்பவள்தான் ஒரு காலை எடுத்துப் படிக்கு வெளியே வைத்து, சட்டென்று மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா." மகளும் ஒரு காலை வெளியே வைத்தாள். "உனக்கு?"

"இல்ல."

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள், தீ போடுகிறவரைத் தவிர. அவர் கடைசிவரை அந்த அறையிலேயே இருந்தார். அவருக்குச் சாப்பாடு உள்ளே போயிற்று.

மறுநாள் கீழ்ப்பக்கத்துத் தோட்டக்காரி வந்து, யார் என்ன என்றெல்லாம் கேட்காமல், தன் செடிகளுக்கு வெயில் மறைக்கிறது, வீட்டைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். மகள் உள்ளே போய்விட்டு வந்தாள். வீடு தள்ளிக்கொண்டது.